சந்துதோறும் ஒரு புல் முடிச்சு

மைசூரின் இணைய வரைபடங்களை வரைகிறவர்களுக்கும், திருத்துகிறவர்களுக்கும், அவற்றை வைத்து வழி கணிக்கும் நிரல் எழுதுகிறவர்களுக்கும்,



உங்களை நான் நேரில் அறியேன். ஆனால் நீங்கள் போட்ட கோடுகளின்மேல் தினமும் நடக்கிறேன். கும்பகோணத்தில் பிறந்து, திருமணமாகி இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வண்டி ஓட்டப் பழகவில்லை. சரஸ்வதிபுரத்து வீட்டிலிருந்து காய்கறிக்கும் வங்கிக்கும் நூலகத்துக்கும் கோயிலுக்கும் நடந்தேதான் போய் வருகிறேன். தெரிந்த தெருக்களில் கால் தானாகப் போகும். தெரியாத பேட்டைக்குப் போகும்போது கைப்பேசியை எடுத்து, நடக்கும் மனிதர் படத்தைத் தொட்டு, நீங்கள் காட்டும் வழியில் போகிறேன். அந்த உறவின் உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன்.

போன நவராத்திரிக்கு அம்மா வந்திருந்தார். எழுபத்தொரு வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சாமராஜபுரத்தில் ஒரு கன்னடத் தோழி வீட்டில் பொம்மைக் கொலு. நடந்தால் பதினான்கு நிமிடம் என்றது வரைபடம். அம்மாவுக்கு இருபத்தைந்து ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, அந்தி சாயும் நேரத்தில் கிளம்பினோம். பாதி வழியில் வரைபடம் எங்களைப் பெரிய தெருவிலிருந்து விலக்கி, வீடுகளின் பின்புறமாக ஓடும் ஒரு சந்துக்குள் திருப்பியது. இருநூறு அடி போயிருப்போம். இடித்துப்போட்ட வீட்டின் செங்கல் குவியல் ஒன்று குறுக்கே கிடந்தது. அதைச் சுற்றி வந்தால் பூட்டிய இரும்புக் கதவு. திரையில் நீலப் புள்ளிகள் அந்தக் கதவுக்குள் நுழைந்து நேராகப் போய்க்கொண்டிருந்தன. விளக்கு இல்லை. அம்மா ஒரு துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். எந்தச் செயலி என்பது இங்கே முக்கியமில்லை. வேறொன்றைத் திறந்து பார்த்தேன், அதுவும் அதே கதவுக்குள்தான் போகச் சொன்னது.

அப்போது ஒரு வீட்டின் கொல்லைக் கதவு திறந்தது. ஓர் அஜ்ஜி, நம் பாட்டி, எட்டிப் பார்த்தார். “யாரு நீவு? இல்லி தாரி இல்ல” என்றார். இங்கே வழி இல்லை. பிறகு வெளியே வந்து கையை நீட்டிச் சொன்னார்: வந்த வழியே திரும்புங்கள், மாவு மில் சத்தம் கேட்கும் இடத்தில் பக்கத்துச் சந்தில் நுழையுங்கள், அங்கே சாக்கடை மூடி ஒன்று உடைந்திருக்கிறது, சுவரை ஒட்டியே போங்கள், பிள்ளையார் கோயில் விளக்கு தெரியும், அதிலிருந்து மூன்றாவது வீடு. சந்து என்பதற்கு அவர் சொன்ன சொல் ‘சந்தி’. அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது. ஆனாலும் அவர் சொன்னது முழுக்கப் புரிந்துவிட்டது. பதினான்கு நிமிட வழியை ஐம்பது நிமிடத்தில் கடந்து கொலுவுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அன்று இரவு காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அம்மா கேட்டார்: “அந்தக் கதவு பூட்டிக் கெடக்குன்னு, முன்னாடி போனவங்க யாராவது அதுல எழுதி வச்சிருக்கக் கூடாதா?”

அவர் கேட்டது புதிய கேள்வி இல்லை. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்று ஒன்று உண்டு. கூத்தராற்றுப்படை என்றும் சொல்வார்கள். பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவர், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்குச் செங்கண்மாத்து நன்னனிடம் போகும் வழியைச் சொல்லும் பாட்டு. ஆற்றுப்படுத்துவது என்றாலே வழிப்படுத்துவது. நம் மொழியில் வழி சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகை இருந்திருக்கிறது. அந்தப் பாட்டில் தூரம் முக்கியமே இல்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், விடிந்தபின் போங்கள். குழிகளில் பாம்பு கிடக்கும், பார்த்து நடங்கள். தினைப்புனம் காப்பவர் கவண்கல் வீசுவார்கள். பாறை வழுக்கும். இரவில் குகையில் தங்குங்கள். வழி தவறினால் உங்கள் வாத்தியங்களை வாசியுங்கள், மலைவாசிகள் வந்து அழைத்துப் போவார்கள். அஜ்ஜி சொன்ன மாவு மில்லும் சாக்கடை மூடியும் இந்த மரபைச் சேர்ந்தவைதான்.

அதே பாட்டில் இன்னொரு அறிவுரையும் வருகிறது. வழிகள் பிரியும் இடங்களில், உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் தடுமாறாமல் இருக்க, மண்ணைக் கையால் துடைத்துவிட்டுப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார் புலவர். வழிகள் கூடும் இடத்துக்கு அவர் பயன்படுத்தும் சொல்லும் சந்துதான். உங்கள் வேலை என்ன என்று யாராவது கேட்டால், இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. முன்னால் போனவர் பின்னால் வருபவருக்காக முடிந்து வைக்கும் புல். மைசூரின் சந்துகளில் அந்த முடிச்சுகள் போதவில்லை என்பதுதான் என் முறையீடு.

கார் ஓட்டுபவருக்கு வரைபடம் தவறான வழி காட்டினால் ஐந்து நிமிடமும் கொஞ்சம் பெட்ரோலும் போகும். நடப்பவருக்கு அதே தவறு முழங்காலில் விழுகிறது, மூச்சில் விழுகிறது, இருட்டில் பயமாக விழுகிறது. அப்படியிருந்தும் இன்றைய வரைபடங்கள் நடப்பவரை மெதுவாகப் போகும் கார் என்றே எண்ணிக் கணக்குப் போடுகின்றன. வண்டிக்கு வரைந்த சாலைகளை எடுத்து, ஒருவழித் தடையை நீக்கி, வேகத்தை மணிக்கு ஐந்து கிலோமீட்டர் அளவுக்குக் குறைத்தால் நடைவழி வந்துவிடும் என்பது போல.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. மிகக் குறைந்த தூர வழியைக் கண்டுபிடிக்கும் புகழ்பெற்ற முறையை எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது மனத்திலேயே உருவாக்கினார். 1959இல் அது அச்சானது. ஒரு புதிய கணினியின் திறமையை மக்களுக்குக் காட்ட அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, நெதர்லாந்தின் 64 ஊர்களையும் அவற்றை இணைக்கும் சாலைகளையும் கொண்ட ஒரு வரைபடம். புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு செலவு. கணக்கில் பிழையே இல்லை. செலவு என்ற இடத்தில் நாம் எதை எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிலோமீட்டரை மட்டும் எழுதினால் பூட்டிய கதவும் திறந்த கதவும் ஒன்றாகிவிடும். வெயிலும் மரநிழலும் ஒன்றாகிவிடும். அறுபது படிகளும் அறுபது அடி சமதரையும் ஒன்றாகிவிடும்.

2008இல் கூகுள் மேப்ஸ் நடைவழி காட்டத் தொடங்கியபோதே, இந்த வழியில் நடைபாதை இல்லாமல் இருக்கலாம், கவனமாகப் போங்கள் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே தந்தது. நேர்மையான வாசகம். ஆனால் எந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லாத எச்சரிக்கை எல்லா இடத்துக்கும் பொருந்தும், அதனால் எந்த இடத்திலும் உதவாது. கூத்தருக்கு வழி சொன்னவர் ‘மலையில் ஆபத்து உண்டு’ என்று நிறுத்திக்கொள்ளவில்லையே.

இந்த மண்ணை அளந்த கதையும் நடந்தவர்களின் கதைதான். 1799 போரில் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும், கிழக்கிந்தியக் கம்பெனி காலின் மெக்கன்சியை மைசூர் நாட்டை அளக்க அனுப்பியது. அதே போரில் இருந்த வில்லியம் லாம்டன் 1802இல் சென்னை பரங்கிமலை அருகே சங்கிலி போட்டு அடிக்கோடு அளந்து பெரிய முக்கோண அளவையைத் தொடங்கினார். சங்கிலி பிடித்தவர்களும் கொடி நட்டவர்களும் கருவிகளைச் சுமந்தவர்களும் காடு மேடெல்லாம் காலால் அளந்தார்கள். ஆனால் அந்தப் படங்கள் படை நடத்தவும் வரி வாங்கவும் ஆனவை. கால்களால் உருவான வரைபடம் கால்களுக்காக உருவாகவில்லை. இருநூறு ஆண்டு கழித்து, 2004இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வந்தபின், எந்த அரசின் அனுமதிக்கும் காத்திராமல் தெருவில் போகும் யாரும் தன் தெருவைத் தானே வரையலாம் என்றானது. அந்த வாய்ப்பை முழுவதும் பயன்படுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? மைசூரில் இதற்கு ஒரே விடைதான். கன்சர்வென்சிகளிலிருந்து.

வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். மைசூரின் பழைய பேட்டைகளில் வீடுகளின் முன்னால் தெரு, பின்னால் ஒரு குறுகிய சந்து. அந்தப் பின்சந்துக்குத்தான் கன்சர்வென்சி என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் வந்து ஊரை உலுக்கியது. 1903இல் சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் போர்டு அமைந்தது. நெருக்கடி இல்லாத புதிய பேட்டைகள், நேரான தெருக்கள், காற்றோட்டம் என்று ஊர் விரிந்தது. வீட்டுக் கழிப்பிடங்களிலிருந்து மலத்தை அள்ளிப் போகிறவர்கள் முன்வாசல் பக்கம் வராமல் போய் வரவே பின்சந்துகள் பயன்பட்டன. அழகான ஊர் என்று நாம் பெருமைப்படும் மைசூர், தன் அழுக்கைச் சுமந்த மனிதர்களைக் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள அமைத்த வழிகள் அவை. 1970களில் முதல்வர் தேவராஜ் அர்ஸின் அமைச்சரவையில் இருந்த பசவலிங்கப்பா, தலையில் மலம் சுமக்கும் கொடுமைக்குத் தடை கொண்டுவந்தார். நாடாளுமன்றத்தின் சட்டங்கள் 1993இலும் 2013இலும் வந்தன. சந்துகளின் பழைய வேலை முடிந்துபோனது. சந்துகள் மட்டும் இருக்கின்றன.

இன்று அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிலையில் கிடக்கின்றன. சிலவற்றில் குப்பை. சிலவற்றில் வண்டிகள். சிலவற்றைப் பக்கத்து வீட்டுக்காரர் கதவு போட்டுத் தனதாக்கிக்கொண்டார். சிலவற்றில் செடி வைத்து, காலையில் கோலமும் போட்டு, பேட்டையே அதில் நடக்கிறது. இந்த நான்கையும் வரைபடம் ஒரே மெல்லிய கோடாகக் காட்டுகிறது, அல்லது காட்டாமலே விடுகிறது.

சேர்த்துப் பார்த்தால் இந்தச் சந்துகள் நடப்பவர்களுக்கான ஒரு தனி வலை. வண்டி இரைச்சல் இல்லை. பெரிய சாலையில் அரை கிலோமீட்டர் சுற்ற வேண்டிய இடத்துக்குச் சந்து வழியே நூறு மீட்டர்தான். எந்த ஊர்த் திட்டமிடுபவரும் இன்று இப்படி ஒரு வலையைப் புதிதாகக் கட்ட முடியாது. அதற்கான நிலம் கிடைக்காது. ஒரு காலத்தில் சிலரை மறைப்பதற்காக இருந்த வழிகள், இனி எல்லோரும் தலைநிமிர்ந்து நடக்கும் வழிகளாகட்டும். அதைவிட நல்ல பிராயச்சித்தம் இந்த ஊருக்கு வேறு இல்லை.

அதற்கு வரைபடம் இரண்டு வகையில் உதவும். போகக்கூடிய சந்து எது, போகக்கூடாத சந்து எது என்று நடப்பவருக்குத் தெரியும். இன்னொன்றும் நடக்கும். கதவு போட்ட தேதியோடு பதிவான பொதுச் சந்தை யாரும் ஓசையில்லாமல் விழுங்கிவிட முடியாது. எங்கள் ஊர்ப் பக்கம் வாய்க்கால்கள் காணாமல் போனது எனக்குத் தெரியும். முதலில் பெயர் போகும், அப்புறம் வரைபடத்தில் கோடு போகும், கடைசியில் வாய்க்கால் போகும்.

ஆகவே, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீட்டிலிருந்தே சந்துகளை வரையாதீர்கள். மேலிருந்து பார்த்தால் கதவு தெரியாது. ஒருமுறை நடந்து பாருங்கள். முட்டுச் சந்தா, ஊடு வழியா, கதவு உண்டா, பூட்டுவார்களா, தரை சிமெண்டா மண்ணா, எத்தனை அடி அகலம், இரவில் விளக்கு எரியுமா. இவை ஒவ்வொன்றையும் குறிக்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இடம் இருக்கிறது. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் போன்ற செயலியைத் திறந்தால், நீங்கள் நிற்கும் தெருவைப் பற்றி அதுவே இந்தக் கேள்விகளைக் கேட்கும். விடையைத் தொட்டால் போதும். என்னைப் போல் நிரல் தெரியாதவர்களும் செய்யக்கூடிய வேலை.

அடுத்தது, சாலையைக் கடப்பது. ஜே.எல்.பி. சாலை போன்ற பெரிய சாலையை நீங்கள் ஒற்றைக் கோடாக வரைந்தால் அதற்கு இரண்டு கரை உண்டு என்பதே மறைந்துவிடுகிறது. நடப்பவருக்குப் பெரிய சாலை ஓர் ஆறு. ஆற்றைக் கண்ட இடத்தில் கடக்க முடியாது, துறை தெரிந்து இறங்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் மருந்துக்கடைக்கு ‘இருபது மீட்டர்’ என்று வரைபடம் சொல்கிறது. நடுவே தடுப்புச் சுவர் இருந்தால் அந்த இருபது மீட்டர், துறை தேடிப் போய்த் திரும்பும் நானூறு மீட்டர் ஆகும். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஒரு நாளைக்குத் தொண்ணூறு பேர். வரைபடம் அவர்கள் எல்லோரையும் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடக்கும் இடம் எது என்று கூடத் தெரியாமல், இங்கே கட என்று ஒருவரிடம் சொல்லும் பொறுப்பு சிறியதல்ல.

நடைபாதையையும் அப்படியே சாலையின் இரு பக்கமும் தனித்தனியாகக் குறியுங்கள். நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்று இந்திய சாலைப் பேராயம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பது இந்த ஊரில் யாருடைய கையிலும் முழுப் பட்டியலாக இல்லாவிட்டால், உங்கள் வரைபடமே அந்தப் பட்டியல் ஆகலாம். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: தடையற்ற நடைபாதை, அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி. விபத்தில் நொறுங்கிய எலும்புகளைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்த ஒரு மருத்துவர், நோயின் வேரைத் தேடி நீதிமன்றத்துக்குப் போனார். உரிமை வந்துவிட்டது. அது எந்தத் தெருவில் மறுக்கப்படுகிறது என்று காட்டும் சான்று தெருத் தெருவாகத் திரள வேண்டும்.

இங்கே ஒரு வேண்டுகோள். நடைபாதையில் பூ விற்கும் பெண்ணையும், அதில் ஏற்றி நிறுத்திய காரையும் ஒரே ‘தடை’ என்று குறிக்காதீர்கள். பூக்காரம்மா இருக்கும் இடத்தில் விளக்கு இருக்கும், ஆள் இருப்பார், வழி கேட்கலாம். இரவு எட்டு மணிக்குத் தனியாக நடக்கும் எந்தப் பெண்ணும், பூக்கடை இருக்கும் நீளமான வழியைத்தான் எடுப்பாள். யாருமற்ற குறுக்கு வழியில் போக மாட்டாள். டெல்லியில் 2013இல் தொடங்கிய சேஃப்டிபின் செயலி வெளிச்சம், ஆள் நடமாட்டம், திறந்த வெளி, நடைபாதை ஆகியவற்றைத் தெருத் தெருவாக மதிப்பிட்டது. அதாவது இந்தக் கணக்கைச் செய்ய முடியும் என்று ஏற்கெனவே காட்டியாகிவிட்டது.

நிரல் எழுதும் நண்பர்களே, அதனால் நடப்பவருக்கு ஒரு வழியை மட்டும் நீட்டாதீர்கள். சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன், சிவனின் சூலம் போல மூன்றாகப் பிரியும் வழிகளைச் சொல்கிறான். வலப்பக்க வழியில் என்ன துன்பம், இடப்பக்கத்தில் என்ன, நடுவில் என்ன என்று ஒவ்வொன்றையும் விரித்துவிட்டுத் தேர்வை நடப்பவரிடம் விட்டுவிடுகிறான். குறுகிய வழி, நிழல் வழி, விளக்கு வழி, படி இல்லாத வழி என்று நீங்களும் பிரித்துக் காட்டலாம். கைக்குழந்தையோடு போகிறவருக்கும், சக்கர நாற்காலியில் போகிறவருக்கும், கறுத்த இரவில் வேலை முடிந்து திரும்புகிறவருக்கும் நல்ல வழி ஒன்றே அல்ல.

படி என்றதும் சாமுண்டி மலை நினைவுக்கு வருகிறது. பதினேழாம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் அமைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏறும் வழியிலேயே ஒற்றைக் கல்லில் செதுக்கிய பெரிய நந்தி. ஆஷாட மாத வெள்ளிகளிலும் தசராவிலும், ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டே ஏறும் பெண்களைப் பார்க்கலாம். ஊருக்கும் மலையுச்சிக்கும் சுமார் 300 மீட்டர் உயர வேறுபாடு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இலேயே ஒரு விதி சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வோர் இரண்டாயிரம் அடிக்கும் இன்னொரு மணி நேரம். அந்தக் கணக்கில் சாமுண்டி மலைக்கு, தூரத்துக்கான நேரத்தோடு இன்னும் அரை மணி சேர்க்க வேண்டும். சமதரை வேகத்தில் நேரம் சொல்லி, இதயம் பலவீனமான ஒருவரை ஏற விடாதீர்கள். எத்தனை படி, கைப்பிடி எங்கே உண்டு, குடிநீர் எங்கே, உட்காரும் நிழல் எந்தப் படியில் என்பதை மலை ஏறுகிற பெண்களிடம் கேட்டுக் குறியுங்கள். அவர்களைவிட அந்த வழியை அறிந்தவர் யார்?

குக்கரஹள்ளி ஏரிக்கரையும் அப்படித்தான். குவெம்பு நடந்த கரை, ஆர்.கே. நாராயண் நடந்த கரை. அதன் வாயில்கள் நாள் முழுதும் திறந்திருப்பதில்லை. நேரத்தைக் குறிக்காமல் கரையை மட்டும் வரைந்தால் மூடிய வாயிலில்தான் கொண்டுபோய் நிறுத்துவீர்கள். தேவராஜ மார்க்கெட்டில் நிலைமை வேறு. அது ஒரு கட்டடம் என்று வரைபடம் நினைக்கிறது. நடப்பவருக்கு அது பல வாயில்களும் ஊடு சந்துகளும் கொண்ட ஒரு சிறு பேட்டை. மல்லிகை வாசனையில் ஒரு பக்கம் திரும்பி, குங்குமக் குவியலில் இன்னொரு பக்கம் திரும்பி மறுபுறம் வெளியேறலாம். 2016 ஆகஸ்டில் அதன் வடக்கு வாயில் பகுதி இடிந்து விழுந்தது. அப்படி ஒரு வாயில் அடைபட்டால் அன்றைக்கே வரைபடத்தில் அடைபட வேண்டும். தசரா ஊர்வல நாளில் அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை தடுப்புகள் எழும்போது வண்டிகளுக்கு மாற்று வழி அறிவிக்கிறார்கள். அந்த நாளில் ஊரில் நடப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு மாற்று வழி யார் சொல்வது?

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். மைசூரில் யாரிடமாவது ‘டஃப்ரின் கிளாக் டவர்’ எங்கே என்று கேட்டால் யோசிப்பார்கள். ‘சிக்க கடியார’ என்றால் கை தானாக நீளும். 1927இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சி வெள்ளிவிழாவுக்காக எழுப்பிய மணிக்கூண்டுக்கு ‘தொட்ட கடியார’ என்றுதான் பெயர். ஊர் வழங்கும் பெயரைக் கன்னட எழுத்தில் முதலில் எழுதுங்கள். அதே பெயரைத் தமிழிலும் உருதுவிலும் இந்தியிலும் சேர்க்க வரைபடத்தில் இடம் உண்டு. ரயிலில் வந்து இறங்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு, தொட்ட கடியார என்று தமிழில் படித்துவிட்டு அதே சொல்லால் தெருவில் கேட்க முடிந்தால் பாதி வழி போய்ச் சேர்ந்த மாதிரி. வழி சொல்லும்போதும் ‘120 மீட்டரில் திரும்பு’ என்பதோடு நில்லாமல், அரசமரத்தடியில் திரும்பு, மாவு மில் தாண்டித் திரும்பு என்று சொல்லப் பழகுங்கள். நடப்பவர் மீட்டரை எண்ணுவதில்லை. மரத்தைப் பார்க்கிறார்.

கடைசியாக, தெரியாததைத் தெரியாது என்று காட்டுங்கள். யாரும் நடந்து சரிபார்க்காத சந்தை வேறு நிறத்தில், விட்டுவிட்டு இழுத்த கோடாகப் போடுங்கள். கடைசியாக எந்த ஆண்டு பார்த்தோம் என்றும் எழுதுங்கள். அம்மா அந்தக் கோட்டைப் பார்த்திருந்தால், “பெரிய தெருவிலேயே போயிடுவோம், எனக்கு முடியாது” என்று சொல்லியிருப்பார். முடிவு அவர் கையில் இருந்திருக்கும்.

குறை சொல்லிவிட்டு ஒதுங்கும் எண்ணம் எனக்கில்லை. கொலு முடிந்த மறுவாரம் பகல் வெளிச்சத்தில் அந்தச் சந்துக்கு மறுபடி போனேன். அஜ்ஜியைப் பார்த்தேன். அந்தக் கதவு நான்கு ஆண்டாகப் பூட்டியிருப்பதாகச் சொன்னார். எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் ஒருவன் கற்றுக்கொடுக்க, என் பெயரில் ஒரு கணக்குத் திறந்து அந்த இடத்தில் ஒரு கதவைக் குறித்தேன், பூட்டியது என்று எழுதினேன். பக்கத்துச் சந்தையும் அதன் உடைந்த மூடியையும் சேர்த்தேன். என் முதல் புல் முடிச்சு அது. பின்னர் சரஸ்வதிபுரத்தில் என் வீட்டைச் சுற்றி பதினோரு சந்துகள் நடந்து பார்த்துக் குறித்துவிட்டேன். இன்னும் எத்தனையோ பேட்டைகள் இருக்கின்றன. கிருஷ்ணமூர்த்திபுரம், லட்சுமிபுரம், அக்ரகாரம், வி.வி. மொகல்லா எல்லாம் அப்படியே கிடக்கின்றன. வெயில் ஏறுமுன் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கலாம். நீங்கள் கருவியோடு வாருங்கள். சந்துகளின் கதை தெரிந்த அஜ்ஜிகளிடம் நான் பேசுகிறேன்.

அடுத்த நவராத்திரிக்கு அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதே வீட்டுக் கொலுவுக்கு இந்த முறையும் நடந்துதான் போவாராம்.

அன்புடன்,
உங்கள் கோடுகளின்மேல் தினமும் நடக்கும் ஒருத்தி
சரஸ்வதிபுரம், மைசூர்